மைனஸ் ஆயிரத்து ஐந்நூறு

அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்குத் தரும் பெல் கிராண்ட், திருப்பிக் கட்ட வேண்டாத பணம். ஆனால் ஏழை என்று சொன்னால் போதாது. எவ்வளவு ஏழை என்பதை ஃபாஃப்சா என்னும் உதவித்தொகை விண்ணப்பப் படிவம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பழைய படிவத்தில் நூற்றுக்கு மேல் கேள்விகள். பிள்ளைகள் மிரண்டார்கள், அரசு எளிமையாக்கியது. அக்டோபரில் வர வேண்டிய எளிய படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. எளிமை என்றால் சும்மாவா!

புதிய கணக்கில் குடும்பத்தின் வசதி எண் மைனஸ் 1,500 வரை இறங்கலாம். பூஜ்யத்துக்குக் கீழும் வறுமை உண்டென்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்காகக் கூடுதலாகக் கேட்டுவிடாதீர்கள். பூஜ்யமோ மைனஸோ, 2024-25இல் பெல் உச்சவரம்பு 7,395 டாலர்தான்.