ஏழு மணி என்றால் ஏழு மணி

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கட்டாயம் ஒரு ‘சுபேதார் சார்’ இருப்பார். ரிட்டயர் ஆகி முப்பது வருஷம் ஆகியிருக்கும். ஷூவில் இன்னும் முகம் பார்க்கலாம். டவுன் பஸ் மூன்று நிமிஷம் பிந்தினால், டிக்கெட்டுக்கு முன்னால் கண்டக்டரிடம் கடிகாரத்தை நீட்டுவார். சொந்தப் பேரன் கல்யாணத்தில் தாலி கட்ட ஆறு நிமிஷம் தள்ளிப்போனதற்கு ஐயரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டவர்.

இவர் ஊருக்குச் செய்யும் சேவை, பிறருடைய தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மனு எழுதுவது.

காசு தொடமாட்டார். கேன்டீன் கோட்டாவில் ஒன்று மிஞ்சினால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்.

மனு கேட்டு ஆள் மஞ்சப்பையோடு வருவார். உள்ளே டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு காகிதம், டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்ற கடிதம். வியாதி ராணுவப் பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடினதுமில்லை என்பார்கள் பட்டாளத்து அதிகாரிகள். ஆளைச் சேர்க்கும்போது மார்பை அளந்து, பல்லை எண்ணி, ‘ஃபிட்’ என்று முத்திரை குத்தினதும் அவர்கள்தான். அப்போது நோய் எதையும் குறிக்காதவர்கள் பிறகு பட்டாளத்துக்குச் சம்பந்தமில்லை என்று சும்மா சொல்லிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. சுபேதார் சாருக்கு அது கந்த சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம்.

சிக்கல் நோயில் இல்லை, தேதியில். அப்பீலுக்கு ஆறு மாதக் கெடு.

“லெட்டர் எப்ப வந்துச்சு?”

“இருவது வருசம் இருக்கும் சார்.”

“இருக்குமா? பட்டாளத்துல ‘இருக்கும்’னு ஒரு தேதி உண்டாய்யா? இத்தனை நாள் இன்னா பண்ணே?”

“எங்க ஊட்டுல அத்த டிரங்குப் பொட்டி அடியில விரிச்சி, மேல பட்டுப்பொடவைய வெச்சிட்டா சார்.”

சுபேதார் சார் கண்ணை மூடித் திறப்பார். அப்புறம் எழுதுவார்: ‘மனுதாரர் மேற்படி ஆவணத்தை இந்நாள்வரை பத்திரமாகப் பாதுகாத்து வந்துள்ளார்.’

தாமதமான நாட்களை லீப் வருஷத்து பிப்ரவரி 29-ஐக்கூட விடாமல் எண்ணிப் போடுவார். பிறகு தர்சேம் சிங்கை அழைப்பார், ஏதோ ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. தர்சேம் சிங் 1983-இல் உடல்நிலை காரணமாக அனுப்பப்பட்டவர். கோர்ட்டுக்குப் போனது 1999-இல். பென்ஷன் மாதாமாதம் தரவேண்டியது, தராத ஒவ்வொரு மாதமும் புதுத் தவறு, ஆகவே தாமதத்தைச் சொல்லித் தட்டிவிட வேண்டியதில்லை என்றது 2008 தீர்ப்பு. ஆனால் நிலுவை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். “பதினாறுல பதிமூணு போச்சுய்யா!” என்று தன் பணமே போனதுபோல் தொடையில் அடித்துக்கொள்வார்.

கடைசி அஸ்திரம் 1987-ஆம் வருஷத்து அனந்த்நாக் வழக்கு. நாள்கணக்கில் விளக்கம் வேண்டுமென்றால் மணிக்கணக்கிலும் விநாடிக்கணக்கிலும் ஏன் கேட்கக்கூடாது என்று நீதிபதிகளே திருப்பிக் கேட்ட வழக்கு. அதில் அப்பீலுக்குப் பிந்தி வந்தது கலெக்டர் தரப்பு, நான்கு நாள். கோர்ட் மன்னித்துவிட்டது. சுபேதார் சார் இன்னும் மன்னிக்கவில்லை. “நாலு நாள்! சர்க்கார் உத்தியோகம்! கையில கடிகாரம் இல்லையா?” என்பார். எதிரே இருபது வருஷம் லேட்டான ஆள் டீயை ஆற்றிக்கொண்டு, அந்தக் கலெக்டருக்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அப்படி ஒரு கடிதம் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு மாதம் தள்ளினால் ஒரு மாத நிலுவை போச்சு. காலை ஏழு மணிக்கு வரச்சொல்லுவார். ஆறு ஐம்பதுக்கே திண்ணையில் இருங்கள். ஏழு ஐந்துக்குப் போனால் எழுதித் தரமாட்டார்.