பார்வையுள்ளோர் நலப் பயிற்சி முகாம்

டுரியான் காலத்தில் பினாங்கின் பாலிக் புலாவ் சாலையோரக் கடைகளில் என்னை ஏமாற்ற எவனாலும் ஆகாது. காம்பைத் தடவினால் ஈரம் தெரியும். பழம் இன்றைக்கு விழுந்ததா, நேற்றையதா என்று விரல் சொல்லிவிடும். காதோரம் வைத்துக் குலுக்கினால் சுளை பேசும். அடிப்பக்கத்தை முகர்ந்தால் மிச்சக் குட்டும் வெளிப்பட்டுவிடும். முள்ளோடு கிடக்கிற பழத்தையே கையால் படிக்கிறவன், காசு கொடுக்கிற இடத்தில் குருடனாகிவிடுகிறேன். "ஸ்கேன் சஜா, அங்கிள்" என்பான் கடைப் பையன். மேசையில் எங்கோ ஒரு கியூஆர் அட்டை. வழவழவென்று பிளாஸ்டிக் உறை. அதில் தடவ என்ன இருக்கிறது?

"பாவம், கண்ணாடித் திரையில உங்களுக்கு என்ன தெரியும்?" என்று உச்சுக் கொட்டுகிற அன்பர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பாவம் 2009-லேயே தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த ஐபோன் 3ஜிஎஸ், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவரோடு வந்தது. ஆண்ட்ராய்டுக்கும் அதே ஆண்டில் டாக்பேக். புனேயில் பிறந்து, சிறுவயதில் பார்வை போய், கூகுளில் ஆய்வாளரான டி. வி. ராமன் அப்போது காட்டிய வித்தை ஒன்று போதும். திரையில் எண்களைத் தேடி விரல் அலைய வேண்டியதில்லை. விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுதான் 5. அங்கிருந்து இடப்பக்கம் மேலே நகர்த்தினால் 1, வலப்பக்கம் கீழே நகர்த்தினால் 9. கண்ணில்லாதவன் யோசித்தால் கண்ணாடிகூட வழிக்கு வரும்.

நாங்களும் கற்றுக்கொண்டோம். ஒரு விரலால் தடவினால் பேசும், இரண்டு முறை தட்டினால் திறக்கும், வலப்பக்கம் வழித்தால் அடுத்ததற்குப் போகும். சில வாரம் கெட்ட வார்த்தையோடு பழகினால் கைக்கு வந்துவிடுகிறது. ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரையே இருண்டுவிடும். பேச்சு மட்டும் ஓடும். 401 பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பார். என் பேங்க் கணக்கு எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சின்ன அற்பச் சந்தோஷம் அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆக, போனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர் நடுவில் ஒருவர் இருக்கிறார். செயலியைச் செய்தவர்.

மின்பணப்பை ஒன்றைத் திறக்கிறேன். விரலை வழிக்கிறேன். "பெயரிடப்படாத பொத்தான்" என்கிறது போன். அடுத்தது? "பெயரிடப்படாத பொத்தான்." அதற்கடுத்ததும் அதே சாதி. ஒன்று பணம் கட்டுவது, ஒன்று ரத்து செய்வது, இன்னொன்று எவனுக்கோ மொத்தத்தையும் அனுப்பிவிடுவதாகவும் இருக்கலாம். பொத்தானுக்குப் பெயர் வைக்க நிரலில் ஒரு வரி போதும். நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு, பணம் பறக்கிற பொத்தானுக்குப் பெயர் வைக்க நேரமில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் கடவு எண்களை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றிக் கலைத்துப் போடுகிறது இன்னொரு செயலி. அதன் உச்சம் அடையாளச் சோதனை: முகத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டுமாம். எந்த வட்டம்? அடுத்து, கண்ணைச் சிமிட்ட வேண்டுமாம். நான் உயிரோடிருப்பதற்கு என் கண்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று எந்த ஞானி தீர்மானித்தாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மலேசிய அரசாங்கம் இமடானி உதவி 100 ரிங்கிட்டை மின்பணப்பை வழியாகத்தான் கொடுத்தது. உதவி உண்டு, சிமிட்டினால்.

இந்தக் கண் சிமிட்டும் கூத்தை இந்தியாவில் வழக்காகவே கொண்டுபோனார்கள். அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் போட்ட வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதியை அடைவது வாழும் உரிமையின் பங்கு என்று தீர்ப்புச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் பேங்க், பொத்தானே இல்லாத தொடுதிரைக் கட்டணக் கருவியைக் கடைகளில் வைத்தது. பார்வையற்றவரான கிரேம் இன்னஸ் வழக்குப் போட்டார். 2019-ல் பேங்க் சமரசத்துக்கு வந்தது.

மலேசியாவில் நமக்கும் சட்டம் உண்டு, ஐயா. 2008-ன் உடற்பேறு குறைந்தோர் சட்டம். தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் எல்லாம் எங்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. கேட்கவே இனிக்கிறது. கொடுக்காவிட்டால் என்ன தண்டனை என்று எழுத வந்தபோது மட்டும் மை தீர்ந்துவிட்டது. 41ஆம் பிரிவுக்கு மை மறுபடி ஊறிவிட்டது: நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசாங்கத்தின் மீதோ அமைச்சர் மீதோ வழக்குத் தொடர முடியாது. எங்களுக்கு எதிராக இந்த நாட்டில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்ததில்லை. எல்லாம் நல்லெண்ணம். அதில்தான் முங்கிச் சாகிறோம்.

நல்லெண்ணம் வருஷா வருஷம் பேனர் கட்டிக்கொண்டு வரும். பார்வையற்றோருக்குத் திறன்பேசிப் பயிற்சி! டி-ஷர்ட், நாசி லெமாக் பொட்டலம், பிரமுகர் தோளில் கை போட்டுப் படம். 1926-ல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு வந்த செயின்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிற ஊர் இது. எங்களுக்குக் கற்றுத்தர ஆளும் உண்டு, கற்றுக்கொள்ள விரலும் உண்டு. பயிற்சி தேவைப்படுகிறவர்கள் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே இதனால் சகலருக்கும் அறிவிப்பது: பாலிக் புலாவில் பார்வையுள்ளோருக்கான பயிற்சி முகாம் நடக்கும். செயலி வடிவமைப்பாளர்கள், பேங்க் மேலாளர்கள், உயர் அதிகாரிகளுக்கு முன்னுரிமை. கண்ணைக் கட்டமாட்டோம், கட்டினால் பத்து நிமிடத்தில் அழுது, அதை வீடியோ எடுத்துப் போட்டுவிடுகிறீர்கள். திரையை மட்டும் இருட்டாக்குவோம். உங்கள் செயலியில் உங்கள் சம்பளத்தை நீங்களே எடுத்துக் காட்ட வேண்டும். மதியம் லக்சா. தொடுதிரையில் தட்டிச் சொல்கிறவருக்கே கிண்ணம் வரும்; தப்புப் பொத்தானைத் தட்டினால் காசு போகும், லக்சா வராது. முகாம் முடிவில் உங்களோடு படம் எடுத்துக்கொள்வோம், தோளில் எங்கள் கை இருக்கும்.

விண்ணப்பப் படிவம் பிரெயிலில் மட்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் மனம் தளர வேண்டாம். வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டி வரலாம்.