மோனாலிசாவுக்கு முதுகு

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு மோனாலிசாவைப் பார்க்க வருகிறவர்கள் அவளுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள். செல்ஃபி வேறெப்படி எடுப்பது? படமோ 77 சென்டிமீட்டர் உயரம்தான். அப்படித் திரும்பி நிற்பவர்களின் கண்ணுக்கு நேரெதிரே, வெரோனேசே வரைந்த கானா ஊர்க் கல்யாணம். அகலம் கிட்டத்தட்டப் பத்து மீட்டர். 1797இல் நெப்போலியனின் படை வெனிஸிலிருந்து சுருட்டி வந்தது. பாவம், அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. 1911இல் மோனாலிசா களவு போனபோதோ, வெற்றுச் சுவரைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியது!

வெளியே தெருவில் குட்டி ஈஃபில் கோபுரம் விற்பவர், போலீஸ் தலை தெரிந்ததும் விரிப்பின் நான்கு முனைக் கயிற்றையும் ஒரே இழுப்பில் இழுத்து, மூட்டையாக்கி, நடையைக் கட்டுகிறார். நெப்போலியனின் ஆட்கள்கூட இத்தனை சுருக்காகச் சுருட்டியிருக்க மாட்டார்கள்.