கழுகு எந்தப் பக்கம் பார்ப்பது?

1776 ஜூலை 4. பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனத்துக்கு ஒப்புதல் கொடுத்த கையோடு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு கமிட்டி போட்டது. புது நாட்டுக்கு முத்திரை வேண்டுமாம். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நியூயார்க் வாசலில் நிற்கின்றன, நாடு பிழைக்குமா என்பதே சந்தேகம். இருந்தாலும் முத்திரை அவசரம்.

கமிட்டியில் மூன்று மேதைகள். கடலைப் பிளந்து நிற்கும் மோசே, அதில் முழுகும் பார்வோன் என்றார் ஃபிராங்க்ளின். பாலைவனத்தில் நடக்கும் இஸ்ரவேலர், அவர்களுக்கு வழிகாட்டும் மேகமும் நெருப்புத் தூணும் என்றார் ஜெஃபர்சன். ஆடம்ஸுக்கோ, ஒழுக்கமா சுகமா என்று முடிவெடுக்க முடியாமல் விழிக்கும் ஹெர்குலிஸ்தான் வேண்டும். செங்கடலையும் ரதங்களையும் உள்ளங்கை அகல மெழுகில் அடக்கியாக வேண்டும்! காங்கிரஸ் அறிக்கையை வாங்கி மரியாதையாக ஓரம் கட்டியது.

1780-இல் இரண்டாவது கமிட்டி. இவர்களுக்கு உதவியவர் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன். கொடி, கடற்படை வாரிய முத்திரை என்று அரசாங்கத்துக்குப் பல வடிவங்கள் வரைந்து கொடுத்த மனிதர். கூலியாக அவர் கேட்டது ஒரு சின்னப் பீப்பாய் அரசாங்க ஒயின். அது வரவில்லை என்றதும் பணமாகவே கணக்குப் போட்டு பில் அனுப்பினார். வரைந்தது நீர் ஒருவர் மட்டுமல்ல, தவிர நீர் ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவர் என்று கருவூலத்தார் கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்கக் கொடிக்குச் செலவில்லாமல் போனது இப்படித்தான்.

1782-இல் மூன்றாவது கமிட்டியும் திணற, கட்டு காங்கிரஸின் செயலாளர் சார்லஸ் தாம்சன் மேஜைக்கு வந்தது. எந்த ஆபீஸிலும் கடைசியில் வேலையை முடிக்கிறவர் அவர்தானே. கமிட்டியின் படத்தில் கேடயத்துக்கு மேல் ஓரமாகக் கிடந்த குட்டிக் கழுகைப் பெரிதாக்கி, அதையே வெண்தலைக் கழுகாக்கி நடுவில் நிறுத்தினார். ஒரு காலில் ஆலிவ் கிளை, இன்னொன்றில் அம்புகள். ஜூன் 20 அன்று காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது.

ஃபிராங்க்ளின் வான்கோழியைச் சிபாரிசு செய்தார் என்பது சும்மா. 1784-இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், மீனைப் பிடித்து வந்த பருந்திடமிருந்து அதைத் தட்டிப் பறிக்கும் இந்தக் கழுகு ஒழுக்கங்கெட்ட பறவை, வான்கோழி கொஞ்சம் அசடானாலும் தைரியசாலி என்று புலம்பினார், அவ்வளவுதான். முன்னாள் ராணுவ அதிகாரிகளின் சங்கப் பதக்கத்தில் இருந்த கழுகைப் பார்த்து வந்த புலம்பல் அது. மோசேயை முன்மொழிந்தவருக்குப் பறவையில் குறை சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்க ஆளில்லை.

சின்னத்துக்கென்று தனி அலுவலகம் வந்ததற்குக் காரணம் ஒரு காட்டுப்பூனை. 1918-இல் அமெரிக்க ராணுவத்தின் 81-ஆவது டிவிஷன் தோளில் காட்டுப்பூனைப் படத்தைத் தைத்துக்கொண்டு பிரான்ஸில் போய் இறங்கியது. அதெப்படி அவர்களுக்கு மட்டும் என்று மற்றவர்கள் பொருமினார்கள். தளபதி பெர்ஷிங் பூனையைக் கழற்றச் சொல்லவில்லை, எல்லோரும் ஆளுக்கொன்று தைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். இந்தத் துணித்துண்டுத் திருவிழாவை ஒழுங்குபடுத்த 1919-இல் ஜனாதிபதி வில்சன் ஓர் அலுவலகம் திறந்தார். 1960-இல் அதற்கு ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரால்ட்ரி’ என்று பெயர் வந்தது. இன்று வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில் இருக்கிறது. காலாட்படைக்கு நீலம், பீரங்கிக்குச் சிவப்பு, குதிரைப்படைக்கு மஞ்சள் என்று நிறம் பார்ப்பதும் அங்கேதான். பேட்ஜைத் திருப்பினால் பின்புறம் பொடி எழுத்தில் ஓர் அடையாளக் குறி இருக்கும். தையலோ வார்ப்போ சொதப்பினால் எந்தக் கம்பெனி என்று பிடித்துவிடலாம்.

அலுவலகம் இருந்தும் அசம்பாவிதம் நின்றபாடில்லை. 1924-இல் 45-ஆவது டிவிஷன், செவ்விந்தியப் பழங்குடியினரைக் கௌரவிக்க, சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் ஸ்வஸ்திகாவைத் தோளில் தைத்துக்கொண்டது. பிறகு ஜெர்மனியில் ஒரு மீசைக்காரர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள, 1939-இல் இவர்கள் அவசரமாக ‘இடிப்பறவை’க்கு மாறினார்கள். 1945-இல் டாஹாவ் வதைமுகாமை விடுவிக்க நுழைந்த படைகளில் இந்த டிவிஷனும் ஒன்று.

உச்சகட்டக் கூத்து ஜனாதிபதி கொடியில். 1944 டிசம்பரில் ஐந்து நட்சத்திர ஜெனரல்களை உருவாக்கினார்கள். ஜனாதிபதியின் கொடியிலோ மூலைக்கு ஒன்றாக நாலே நட்சத்திரம். முப்படைக்கும் தலைவர் தன் ஊழியரைவிட ஒன்று குறைவு! ரூஸ்வெல்ட் மாற்றச் சொன்னார், முடிவதற்குள் காலமானார். அதைக் கையில் எடுத்த ராணுவச் சின்ன நிபுணர் ஆர்தர் டுபுவா இன்னொரு குற்றமும் கண்டுபிடித்தார்: அந்தக் கொடியில் இருக்கும் கழுகு தன் இடப்பக்கம், அதாவது அம்புகளைப் பார்க்கிறது. சின்ன சாஸ்திரப்படி கௌரவமான பக்கம் வலம். 1945 அக்டோபர் 25-இல் ட்ரூமன் உத்தரவு போட, கழுகு ஆலிவ் கிளைப் பக்கம் கழுத்தைத் திருப்பியது. நட்சத்திரமும் நாற்பத்தெட்டாகி, தகராறு தீர்ந்தது. மறு வருஷம் ரயிலில் ட்ரூமன் இதைப் பெருமையாகக் காட்ட, தலையைச் சுழலும்படி பொருத்தியிருக்கலாமே என்றாராம் சர்ச்சில். போர் வந்தால் கழுகு அம்புப் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. அப்படியெல்லாம் எதுவும் திரும்புவதில்லை.

இத்தனை கூத்துக்குப் பிறகும் அந்தக் கழுகு சட்டப்படி தேசியப் பறவை ஆகியிருக்கவில்லை. அதற்கான மசோதாவில் பைடன் கையெழுத்துப் போட்டது 2024 டிசம்பரில். தாம்சன் வேலையை முடித்து 242 வருஷம் ஆகியிருந்தது.