தலைக்காசுப் பேராசிரியர்

ஆய்வுக் கட்டுரை முடியப்போகிற வாசனை நம் வழிகாட்டிப் பேராசிரியருக்கு எப்படியோ எட்டிவிடும். மாதக்கணக்கில் நம் போனை எடுக்காத மனுஷர், முடிவுரைக்கு முந்தின பத்தியை நாம் தட்டிக்கொண்டிருக்கும்போது மிகச்சரியாக அழைப்பார். "என்னப்பா, நம்ம பேப்பர் எந்த மட்டுல இருக்கு?"

மறுநாள் பிரதியைக் கொண்டுபோய் மேசையில் வைப்போம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொள்வார். சிவப்புப் பேனாவின் மூடி திறக்கும். பதினான்கு பக்கக் கட்டுரையில் அவர் படிக்கிற இடம் ஒன்றுதான்: தலைப்புக்குக் கீழே, சுருக்கத்துக்கு மேலே இருக்கிற அந்த ஒற்றை வரி. ஒவ்வொரு இனிஷியலுக்குப் பின்னும் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். காற்புள்ளிகளைச் சரிசெய்வார். பிறகு அம்புக்குறிகள் கிளம்பும். இந்தப் பெயர் இங்கிருந்து அங்கே, அந்தப் பெயர் அங்கிருந்து இங்கே. நடுவில் இரண்டு பெயர்கள் புதிதாக முளைக்கும். ஒருவர் துறைத்தலைவர், மரியாதைக்கு. இன்னொருவரை நாம் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"யாரு சார் இவரு?"

"ஈரோட்டுப் பக்கம் நம்ம ஃப்ரெண்டுப்பா. போன வருஷம் அவரு பேப்பர்ல நம்மளப் போட்டாரு."

"இவருக்குச் செடி கொடியெல்லாம்..."

"அவரு ஃபிசிக்ஸ்."

எல்லாம் முடிந்தபின் தியாகத்தின் உச்சத்தை எட்டுவார். "ஃபர்ஸ்ட் ஆத்தர் நீயே இரு. வளர்ற புள்ள. நான் கடைசியில ஒரு ஓரமா நின்னுக்கறேன்." சொல்லிக்கொண்டே அந்த ஓரத்துப் பெயரின் தலையில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போடுவார். கரஸ்பாண்டிங் ஆத்தர். இதழுக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் என்று பொருள். அந்தப் பதில்களையும் நாம்தான் எழுதுவோம். அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல் துறையில் துடைப்பம் இருக்கிற இடத்தைப் போல எல்லோருக்கும் தெரியும்.

நட்சத்திரத்துக்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறையில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு கட்டுரையை இரண்டு பேர் எழுதினால், அதற்குரிய மதிப்பெண்ணில் ஆளுக்கு 70 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 140. இரண்டு பேருக்கு மேல் போனால் முதல் ஆசிரியருக்கோ கரஸ்பாண்டிங் ஆசிரியருக்கோ 70. மற்ற ஒவ்வொருவருக்கும் 30. அதாவது ஆறு பேர் சேர்ந்தால் ஒரு கட்டுரை 220 சதவீதமாகப் பெருகிவிடுகிறது. 2010 விதியில் இந்த வசதி கிடையாது. முதலாமவரும் வழிகாட்டியும் 60-ஐப் பாதியாக்கிக்கொள்ள, மிச்சம் 40-ஐ மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆள் கூடக் கூடப் பங்கு குறையும். புதிய கணக்கில் மூன்று பேர் ஆனபின் யாரைச் சேர்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி ஒரு விதியை எழுதிவைத்துவிட்டு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைதான். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

"ஒரு களைச்செடிக் கட்டுரைக்கு ஆறு பேரா சார்?" என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். "செர்ன்ல ஹிக்ஸ் போஸான் எடையை அளந்து 2015-ல ஒரு பேப்பர் போட்டான். 5,154 பேரு! முப்பத்து மூணு பக்கத்துல இருபத்து நாலு பக்கம் பேரும் ஊரும்தான். நீ ஆறு பேருக்கு அழறியே" என்றார். அந்த ஐயாயிரம் பேரில் ஒவ்வொருவரும் ஒரு திருகாணியையாவது முடுக்கியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. 1975-இல் அமெரிக்காவில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று எழுதிவிட்டு, தனியொருவர் அப்படி எழுதினால் இதழில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அறிந்து, மறுபடி தட்டச்சு செய்ய அலுத்துக்கொண்டு, தன் வீட்டுப் பூனையை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராக்கினாராம். அதையும் சொல்லவில்லை. பூனை அம்புக்குறி போட்டதாகத் தகவல் இல்லை.

கட்டுரை அச்சேறியதும் அடுத்த கட்டம்: ஹெச்-இண்டெக்ஸ். ஹோர்ஹே ஹிர்ஷ் என்கிற இயற்பியலாளர் 2005-இல் கண்டுபிடித்த அளவுகோல். ஒருவருடைய பத்துக் கட்டுரைகளையாவது ஒவ்வொன்றையும் பத்துத் தடவைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டியிருந்தால் அவர் பத்து. கட்டுரையில் பெயர் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் கழித்து ஹிர்ஷே, இது மோசமாகப் பிசகவும் செய்யும், நினைத்துப் பாராத கேடுகளையும் கொண்டுவரும் என்று எழுதினார். நம்மவர் அதைப் படிக்கவில்லை. அவர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடாததுதான் பாக்கி.

அந்த எண்ணில் அவருக்கு ஒரு தீராத துக்கம் உண்டு. நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது ஒரு இனிஷியல். சில இதழ்களில் அதை முன்னால் போட்டார், சிலவற்றில் பின்னால். வெளிநாட்டு இதழ் ஒன்று முழுப் பெயர் கேட்கவே, அப்பா பெயரை விரித்துக் கடைசியில் எழுதினார். கணினி கடைசியில் இருப்பதைத்தான் ஆள் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, மளிகைக்கடை வைத்திருந்து எப்போதோ காலமாகிவிட்ட அப்பாவுக்கு ஹெச்-இண்டெக்ஸ் நான்கு. இந்தக் குழப்பத்துக்கென்றே 2012-இலிருந்து ஆர்கிட் என்று பதினாறு இலக்க எண் ஒன்றை ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகிறார்கள். அவரும் வாங்கினார். அப்பாவிடமிருந்து அந்த நான்கை மீட்க ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையைச் செலவழித்தார்.

அந்தக் களைச்செடிக் கட்டுரைக்கு வருகிறேன். எங்கள் ஊர் நீலகிரியில் இருக்கிற கீழ் கோத்தகிரி. தேயிலைக் காட்டில் தானாக முளைக்கிற களைகளில் சனங்கள் கீரையாகச் சமைப்பவை எவை என்பதுதான் ஆய்வு. மணத்தக்காளி, புளியாரை, வல்லாரை என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தவர் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து லயத்துப் பாட்டி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பம். எந்தச் செடி எந்த மாதம் கசக்கும், எதை மருந்தடித்த பாத்தியில் பறிக்கக்கூடாது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் கட்டுரைக்கு வந்தது.

பேராசிரியர் கள ஆய்வுக்கென்று ஒரே ஒரு நாள் மலையேறி வந்தார். மே மாதத்தில் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும். இறங்கியதும் கேட்டது, சிக்னல் எங்கே கிடைக்கும் என்று. சோலூர்மட்டம் போகிற வழியில் ஒரு வளைவில் கிடைக்கும். அங்கே போய்க் கையை உயர்த்தி நின்று, மேற்கோள் எண்ணிக்கை ஏதாவது கூடியிருக்கிறதா என்று பார்த்தார். கீழே ஓடையோரம் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. அதைக் காட்டினோம். "ஒண்ணு கூடியிருக்கு" என்றார். எருமையைச் சொல்லவில்லை.

பிறகு சரிவில் நாலு அடி இறங்கி, வட்ட இலையோடு படர்ந்திருந்த ஒரு கொடியைப் படம் எடுத்தார். "வல்லாரை. ஃபிகர் ஒன்."

"அது வல்லாரை மாதிரி இருக்கும் சாமி, வல்லாரை இல்ல" என்றார் பாட்டி.

"இந்தம்மா என்ன படிச்சிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார் பேராசிரியர்.

சாயங்காலம் இலை எடை போடுகிற கொட்டகைக்குக் கூட்டிப்போனோம். பெண்கள் வரிசையாகச் சாக்கை இறக்க, மேஸ்திரி கொக்கியில் மாட்டி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துக்கொண்டு, பெயருக்கு நேராகக் கிலோவை எழுதிக்கொண்டிருந்தார். பெயர்ப் பட்டியலைக் கண்டதும் நம்மவருக்கு உயிர் வந்துவிட்டது. குனிந்து நோட்டைப் பார்த்தார்.

"முதல்ல யார் பேரு வரும்?"

"யார் முதல்ல சாக்கை இறக்குறாங்களோ அவங்க பேரு சார்."

"உங்க பேரு எங்க இருக்கு?"

மேஸ்திரிக்குக் கேள்வி புரியவில்லை. "நான் இலை பறிக்கலையே சார்."

பேராசிரியர் அந்த மனிதரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கார் இறங்கிப் போனபின் பாட்டி என்னிடம் விசாரித்தார். இந்த ஐயாவுக்கு என்ன வேலை என்று. விளக்கினேன். "அப்போ தலைக்காசுன்னு சொல்லு" என்றார். அந்தக் காலத்துச் சிலோன் தோட்டங்களில் கங்காணி ஒரு கொழுந்து கிள்ள வேண்டாம். அவர் பேரில் எத்தனை ஆள் காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கிறதோ, அத்தனை தலைக்கு இத்தனை சதம் என்று அவர் கணக்கில் ஏறும். பாட்டியின் அப்பாவும் ஒரு தலையாக நின்றவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேராசிரியரின் பெயர் தலைக்காசுதான்.

ஆராய்ச்சிக்காக மலையேறி வந்து பெயர் வாங்கிப் போனவர்கள் இங்கே புதிதல்ல. கோத்தர் பழங்குடியினரின் ஏழு ஊர்களில் ஒன்று எங்கள் கீழ் கோத்தகிரியில் இருக்கிறது. அந்த மக்களின் மொழியைக் கற்க 1930-களில் எமனோ வந்தார். பின்னாளில் பரோவோடு சேர்ந்து திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி போட்ட அதே எமனோ. கே. சுள்ளி என்ற கோத்தர் கதைகதையாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். 1944 முதல் 1946 வரை கலிபோர்னியாவில் 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' என்று பாகம் பாகமாக வந்தது. அட்டையில் எமனோ. இன்று அந்த நூலை மேற்கோள் காட்டுகிறவர்களும் எமனோ என்றுதான் எழுதுகிறார்கள். கதைக்காரருக்கு ஹெச்-இண்டெக்ஸ் இல்லை. இருந்தாலும் எமனோ உட்கார்ந்து அந்த மொழியைப் படித்தார், ஒவ்வொரு ஒலியையும் காது கொடுத்துக் கேட்டு எழுதினார், சொன்னவர் யார் என்பதையும் மறைக்கவில்லை. நம்மவரோ கேட்டதெல்லாம் சிக்னல் எங்கே என்றுதான்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் உதவித்தொகைக் கோப்பை நாலு மேசை தாண்டி இழுத்துவந்தவர் அவர்தான். வந்த அன்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கிக்கொடுத்தார். இன்னொரு நாள், தன் முனைவர் பட்ட ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு எந்தெந்தப் பெயர்களில் வந்தது, தன் பெயர் அதில் எத்தனையாவது என்று யாரும் கேட்காமலே சொன்னார். நாலாவது. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதற்காக நாங்களும் நாலாவதாக நிற்க வேண்டுமா? முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது. ஆனால் கல்லூரி வாசலில் அது இன்னும் எடுக்கப்படவில்லை. ஆய்வேட்டில் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிற கையில்தான் அந்தச் சிவப்புப் பேனாவும் இருக்கிறது. இதழுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்றால் ஆறு பெயரில் ஐந்துக்குச் சட்டைப்பையே இருக்காது. உதவித்தொகை வராத மாதத்தில் தங்கக் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டிய பெண்ணை எனக்குத் தெரியும். பணம் கட்டாத ஐந்து பேரும் அந்தக் கட்டுரைக்குப் பதவி உயர்வு மதிப்பெண் எடுத்தார்கள். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கெல்லாம் விதி வகுத்திருக்கிறது. நிதி வாங்கித் தந்தது, பொதுவாக மேற்பார்வை பார்த்தது இவை மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது என்கிறது. வேலையில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி ஒப்புதல் என்று மூன்று நிபந்தனை வைத்திருந்தவர்கள், 2013-இல் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: தப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டும்.

வந்தது. ஃபிகர் ஒன்னில் இருப்பது வல்லாரையே இல்லை என்று ஒரு வாசகர் இதழுக்கு எழுதிவிட்டார். பேராசிரியர் அன்று இரவே அழைத்தார். "என்னப்பா, உங்க பேப்பர்ல ஏதோ கோளாறாமே? என்ன ஏதுன்னு பார்த்து, என் மெயில்ல இருந்து ஒரு பதில் போட்டுடு." பாட்டியைக் கூட்டிப்போய் நிஜ வல்லாரையைப் படமெடுத்து அனுப்பினேன். கூடவே பாட்டியின் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். கட்டுரை வெளியானபின் பெயர் சேர்க்க வேண்டுமானால் அத்தனை ஆசிரியர்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஈரோட்டு இயற்பியல்காரர் சம்மதிக்கவில்லை. வரிசை கெட்டுவிடுமாம்.

அடுத்த இதழில் 'திருத்தம்' என்ற தலைப்பில் அரைப் பக்கம் வந்தது, ஆறு பெயர்களோடும், தனக்கென்று ஒரு எண்ணோடும். கூகுள் ஸ்காலர் அதைத் தனிக் கட்டுரையாக எடுத்துக்கொண்டு, பேராசிரியரின் பட்டியலில் ஒன்றைக் கூட்டியது.