பத்தாயிரம் ரூவாயும் பாட்டா சொல்லும் புத்தியும்

எந்திரி மக்கா, கால்ல விழுந்தது போதும். கஞ்சி போட்ட வேட்டி, மடிஞ்சிட்டுன்னா ஃபோட்டோவுல நல்லா இருக்காது. சட்டசபைக்கு நிக்கப் போற, சந்தோசம். டெபாசிட்டு பத்தாயிரம் கெட்டணும், தெரியுமில்லா? செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலேன்னா அது சர்க்காருக்குப் போயிரும். வெசனப்படாத, நாட்டுக்குச் செஞ்ச சேவைன்னு வச்சுக்கோ.

நோட்டீசக் காட்டு பாப்போம். பளபளன்னு நல்ல தாளு. ஒம் முகத்துக்கே முக்கா எடம் போயிட்டு. மிச்சத்துல வாக்குறுதி.

மொதல்ல என்ன? திருவனந்தபுரத்துக்கு ஹைக்கோர்ட்டு பெஞ்சு. கொள்ளாம்! 1949-ல திருவிதாங்கூரும் கொச்சியும் ஒண்ணாச் சேந்தப்போ தலைநகரம் நமக்கு, ஹைக்கோர்ட்டு எர்ணாகுளத்துக்குன்னு பங்கு வச்சாங்க. பாகப்பிரிவினையில மூத்தவனுக்கு வீடும் எளையவனுக்குக் கெணறும் எழுதி வச்ச கத. வஞ்சியூர் கோர்ட்டு வக்கீலுமாரு தாகம் இன்னும் தீரல. பெஞ்சு வைக்கணும்னா டெல்லி மனசு வைக்கணும், ஹைக்கோர்ட்டு சீஃப் ஜஸ்டிஸ் தலையாட்டணும். ஒங்க சபையில ஒரு தீர்மானம் போட்டு அனுப்பலாம், அவ்வளவுதான். ஆனா இத எடுத்துராத கேட்டியா? நெறவேறாத வாக்குறுதியில இதுதான் ராசா. நடக்கலேன்னா ஒன்ன யாரும் குத்தம் சொல்லமாட்டான். அஞ்சு வருசம் கழிச்சு இதையே மறுபடியும் அடிக்கலாம்.

தெருநாய ஒழிப்பேன்னு போட்டிருக்க. நாய்க்கு டெல்லி ரூல் இருக்கு, 2023-ல போட்டது. பிடிச்சு, ஆப்பரேசன் பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச தெருவுலயே கொண்டு விடணும். பிடிக்க வேண்டியது கார்ப்பரேசன். இதுல எம்.எல்.ஏ.வுக்குன்னு தனியா ஒரு வேலையும் கெடையாது. தொரத்துனா எல்லாரையும் போல ஓடலாம்.

காட்டுப்பன்னி? இந்தச் சாலைக் கம்போளத்துல எந்தக் கடையில பன்னி பூந்துச்சு? நெய்யாற்றின்கரையில மரச்சீனி நட்டவனுக்கு ஒன் தொகுதியில ஓட்டும் இல்ல. இருந்தாலும் இது கொஞ்சம் அசல் சரக்கு. 2025 அக்டோபர்ல வனவிலங்குச் சட்டத்தத் திருத்தி சபையில பாஸாக்குனாங்க. டெல்லிச் சட்டத்தோட மோதுற சங்கதி, அதனால ஜனாதிபதி ஒப்புதல் வேணும். பன்னி எந்தக் கையெழுத்துக்கும் காத்துக்கிட்டு இருக்காது பாத்துக்கோ.

அடுத்தது ஆமையிழஞ்சான் தோடு, நம்ம ஊரு ஓட. இதுல மட்டும் வெளையாடாத மக்கா. 2024 சூலை 13, தம்பானூர்ல ரயில் பாதைக்கு அடியில ஓடுற பாகத்துல குப்ப வார எறங்குன தொழிலாளிய வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. மூணாம் நாளு தகரப்பறம்புப் பக்கம் பொணமாக் கெடச்சான். அவனத் தேடிக்கிட்டு இருக்கும்போதே சண்ட தொடங்கியாச்சு. கார்ப்பரேசன் ரயில்வேயக் காட்டுது, ரயில்வே கார்ப்பரேசனக் காட்டுது, தோடு நீர்ப்பாசன இலாகாவோடது. பழவங்காடியில நின்னு எட்டிப் பாரு. தெர்மாகோல், சோத்துப் பொட்டணம், குப்பி, கிழிஞ்ச செருப்பு, பூக்கடை வாழநாரு. தண்ணி எங்கேன்னு தேடணும். தண்ணி ஒண்ணு, ஒடமக்காரன் மூணு. இப்படி மூணு பேரு கையில கெடக்கும்போது ஆருக்குப் பொறுப்பு, தவறுனா ஆரு பதில் சொல்லணும்னு ஒத்த வரி சட்டத்துல எழுத வைக்க முடிஞ்சா, அது எம்.எல்.ஏ. செய்யுற வேல. நீ "சுத்தப்படுத்துவேன்"னு போட்டிருக்க. நீயா எறங்கப் போற?

அதுக்குக் கீழ பூரா "என் கருத்து", "என் நிலைப்பாடு". கருத்தா? 1985-ல கட்சித்தாவல் சட்டம் வந்துட்டு. கொறடா உத்தரவு போட்டான்னா கருத்த செருப்போட வாசல்ல விட்டுட்டு உள்ள போணும். மாத்தி ஓட்டுப் போட்டா பதவி காலி. 1888-ல மூலம் திருநாள் மகாராசா சட்ட கவுன்சில் வச்சப்போ மொத்தம் எட்டு பேரு, திவான் தலைமை. எல்லாரும் திவான் மொகத்தப் பாத்து தலையாட்டணும். இப்போ 140 பேரு. அவனவன் கட்சித் தலைவன் மொகத்தப் பாக்கான். முன்னேத்தம்தான், மொகம் நாலஞ்சு கூடியிருக்கு.

பேச விடலேன்னா நாற்காலியத் தூக்கலாம்னு மட்டும் நெனைக்காத. 2015 மார்ச் 13, பட்ஜெட் அன்னைக்கு சபாநாயகர் நாற்காலியையே எடுத்து எறிஞ்சாங்க. கேஸு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. வாபஸ் வாங்க விடுங்கன்னு சர்க்காரே கேட்டும், 2021-ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

நெசமாவே வேல செய்யணுமா? கமிட்டியில போய் இரி. சப்ஜெக்ட் கமிட்டின்னு 1980-ல இங்கதான் மொதல்ல வச்சாங்க, இப்போ 14 இருக்கு. மசோதா அங்க வந்தா வரி வரியாப் பாக்கலாம், "இந்த எடத்துல ஏன் இப்படி"ன்னு மந்திரியையே எதுக்க இருந்து கேக்கலாம். ஆனா உள்ள கேமரா கெடையாது, பேப்பர்க்காரன் கெடையாது. ஒனக்குச் சரிப்படாது.

கடைசியில என்ன, "தமிழர் உரிமை காப்பேன்". நான் பொறந்த தோவாளை 1956 நவம்பர் 1-ல மெட்ராஸ் ஸ்டேட்டுக்குப் போச்சு, கட மட்டும் இங்க நின்னுட்டு. அதனால சொல்லுகேன். மலையாளம் பத்தாங்கிளாஸ் வரைக்கும் கட்டாயம்னு 2017-ல சட்டம் வந்துது. பிள்ளைக படிக்கட்டும், படிக்காம இங்க எப்படிப் பெழைக்க? ஆனா ஆட்சிமொழிச் சட்டத்துல தமிழனும் கன்னடக்காரனும் செக்ரட்டேரியட்டுக்கு அவனவன் பாசையில எழுதலாம், பதிலும் அதே பாசையில வரணும்னு இருக்கு. நீ காக்கப்போற உரிம இதுதானே? தமிழ்ல ஒரு மனு எழுதி அங்க குடு. அந்த ஆமையிழஞ்சான் தோட்டப் பத்தியே எழுது. பதில் எந்தப் பாசையில வருது, முதல்ல வருதாங்கதப் பாத்துட்டு இங்க வா, அப்புறம் மைக்கப் பிடி.

என் ஓட்டா? அது ரகசியம்லா, கேக்கப்பிடாது. சாயாவக் குடி, ஆறுது. நோட்டீசு இருந்தா இன்னும் பத்து வச்சிட்டுப் போ. பின்பக்கம் வெள்ளத்தாளு, பத்துவரவு எழுத ஆவும்.