திருத்தற் சோம்பலியல்: கரடியனாற்றை முன்வைத்து ஒரு விசாரணை

நாவலின் முதற்படியை எழுதி முடித்த ஒருவர் அதைத் திருத்த உட்காரும்போது அவரைப் பிடிக்கும் சோர்வுக்கு இதுவரை எவரும் இலக்கணம் செய்யவில்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலுக்கு வரும் குற்றங்கள் பத்தென்று எண்ணிக் கொடுத்தார். கூறியது கூறல் அதிலே ஒன்று, மற்றொன்று விரித்தல் இன்னொன்று. நூலைச் செய்தவனுக்கு வரும் குற்றங்களை அவர் தொடவில்லை. முனிவர் அல்லவா, அவருக்கு அந்த அனுபவம் வாய்த்திராது. ஆனாலும் பத்தில் ஒன்றான ‘சென்று தேய்ந்து இறுதல்’ ஆசிரியனின் உற்சாகத்துக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது. அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு இவ்வாய்வு புறப்படுகிறது.

ஆய்வுக்களம் கிழக்கிலங்கையிலுள்ள கரடியனாறு. ஏன் பாரிஸ் இல்லை என்று கேட்பார் உளர். பாரிஸில் பால்சாக் இருந்தார். அச்சுக்கூடத்திலிருந்து வந்த படிகளிலேயே கதையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதி, அச்சுக்கோப்பவர்களை அழவைத்து, அந்தச் செலவில் தன் வருமானத்தையும் கரைத்தார். அப்படிப்பட்டவருக்கு ஊக்கம் குறைந்ததாகச் சொல்ல முடியாது. நோயைப் படிக்க வேண்டுமானால் நோய் வளரும் இடத்துக்குப் போக வேண்டும்.

செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, வாவியை முதுகுப் பக்கம் விட்டு மேற்கே போனால் வருவது கரடியனாறு. வயல், காடு, குசலான்மலை, இன்னும் அப்பால் உறுகாமம் குளம். இவ்வூரில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட நினைப்பவருக்குக் காரணங்களைத் தேடித் திரியும் சிரமம் இல்லை. ஐப்பசியில் விதைப்பு. மார்கழியில் வெள்ளம். தையில் கதிர் முற்ற, யானை வரும். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. மூச்சு விடுமுன் சிறுபோகம். ஒவ்வொன்றும் நேர்மையான காரணம்; யானை நிற்கும் இரவில் அத்தியாயம் திருத்தவில்லை என்று எவரும் ஒருவரைக் குறைசொல்ல முடியாது.

இனி ஆய்வுக்கு ஓர் ஆளைக் கற்பித்துக்கொள்வோம். தமிழ் படிப்பிக்கும் மாஸ்டர். நாவலின் முதற்படி மூன்று சீஆர் கொப்பிகளில் இருக்கிறது. சிவப்புப் பேனையோடு உட்காருகிறார். முதற்பக்கத்தில் சிவப்பு, நீலத்தை மூடிவிட்டது. வரிகளுக்கிடையே வரி, ஓரத்தில் அம்புக்குறி, அம்பு போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு அம்பு. பத்தாம் பக்கத்தில் சிவப்பு ஐதாகிறது. இருபதாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி சேர்க்கப்பட்டிருக்கிறது. முப்பதாம் பக்கத்தில் இருப்பது தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம். அதற்குப் பிறகு கொப்பி புத்தம் புதிதாக இருக்கிறது.

இங்கே ஒரு விதி கிடைக்கிறது. இடைவெளி விட்டு உட்காரும் ஒவ்வொரு முறையும் மாஸ்டர் முதற்பக்கத்திலிருந்தே தொடங்குகிறார். ஆகவே முதல் அத்தியாயம் கண்ணாடிபோல மினுங்க, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துப்போன மாமா உயிரோடு வந்து வெற்றிலை கேட்கிறார். அவரை மறுபடி சாகடிக்க ஆளில்லை. உலகம் முழுவதும் பெட்டிகளுக்குள் கிடக்கும் நாவல்களின் முதல் அத்தியாயங்களை மட்டும் சேர்த்துத் தைத்தால் அற்புதமான ஓர் இலக்கியம் கிடைக்கும் என்பது இவ்வாய்வின் துணிபு. நடுவிலிருந்து தொடங்கினால் என்ன? நோயாளிகள் எவரும் இதற்கு உடன்படுவதில்லை.

முன்னோர் மதங்களை இங்கே பார்க்க வேண்டும். ஊக்கம் உள்ளிருந்து ஊறும் என்பது ஒரு சாரார் கொள்கை. ஹெமிங்வே இவர்களுக்குப் பெரிய சான்று. 1929இல் வந்த ‘போரே நீ போ’ நாவலின் முடிவைத் தாம் 39 முறை எழுதியதாக அவர் சொன்னார். பிற்காலத்தில் தாள்களை எண்ணியவர்களுக்கு 47 முடிவுகள் அகப்பட்டன. தான் பட்ட பாட்டைக் குறைத்துச் சொன்ன எழுத்தாளர் என்ற வகையில் அவர் தனியாக ஆராயத்தக்கவர்.

மறுப்பு: அவர் ஒருவர். மற்ற வழக்குகளைக் கிண்டிப் பார்த்தால் பக்கத்தில் யாரோ ஒருவர் நிற்கிறார். டால்ஸ்டாயின் கிறுக்கல்களை மனைவி சோபியா திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுக்க, காலையில் துப்புரவான தாளைக் கண்டவருக்கு மறுபடி அடிக்கும் ஆசை வந்தது. ஹார்ப்பர் லீ 1957இல் லிப்பின்காட் நிறுவனத்துக்குக் கொடுத்த படி, பதிப்பாசிரியர் டே ஹோஹாஃபின் கையில் அகப்பட்டு, திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, 1960இல்தான் வேறு நாவலாக வெளியே வந்தது. இடையில் ஒருநாள் லீ தாள்களை ஜன்னலால் பனியில் வீசிவிட்டுத் தொலைபேசியில் அழுதாராம். போய்ப் பொறுக்கு என்று பதில் வந்ததாம்.

நம் பக்கத்துச் சான்று இன்னும் வலுவானது. ஆர்.கே. நாராயண் தன் முதல் நாவல் பதிப்பாளர்களிடமிருந்து திரும்பித் திரும்பி வர, ஒக்ஸ்போர்டில் இருந்த நண்பர் கிட்டு பூர்ணாவுக்கு, கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடு என்று எழுதினார். நண்பர் சொற்கேளாதவர். கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935இல் ‘சுவாமியும் நண்பர்களும்’ வந்தது. பூர்ணா கீழ்ப்படிந்திருந்தால் அந்நாவலின் கற்பனை ஊரான மால்குடி ஆற்றோடு போயிருக்கும்.

எதிர்ச்சான்றும் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ ‘சரஸ்வதி’ இதழில் தொடராகத் தொடங்கியது. தொடர் நின்றது, நாவலும் நின்றது. நூலாக வந்தபோது ஆண்டு 1966. அடுத்த இதழுக்காக ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பதும் நிற்காததும் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது. ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய கல்கிக்கு இந்த நோய் அண்டவே வழியில்லை, அச்சுக்கூடம் காத்துக்கொண்டிருந்தது. நோய் வரவேண்டுமானால் கொஞ்சம் ஓய்வும் வேண்டும்.

நாயை விட்டுவிட்டால் ஆய்வு நிறைவுறாது. 1936இல் ஸ்டெயின்பெக்கின் நாய்க்குட்டி டோபி, ‘எலிகளும் மனிதர்களும்’ கையெழுத்துப்படியில் பாதியைக் கடித்துக் குதறியது. இரண்டு மாத உழைப்பு. அவர் நாயைப் பெரிதாகத் தண்டிக்கவில்லை. அது விமர்சனமாகவே செய்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். கரடியனாற்றில் இந்தப் பொறுப்பைக் கறையானிடம் விட்டிருக்கிறோம். அதற்கு விமர்சன நோக்கம் கிடையாது. நல்ல அத்தியாயத்தையும் தின்னும்.

சரி, பரிகாரம்? கரடியனாற்றில் அது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, வேறு பயிருக்கு. ஒவ்வொரு போகத்துக்கும் முன் விவசாயிகளும் அதிகாரிகளும் ஆரம்பக் கூட்டம் கூடுகிறார்கள். குளத்துத் தண்ணீர் எப்போது திறக்கப்படும், விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், வயல்வட்டையிலிருந்து மாடுகள் எந்தத் திகதிக்கு முன் அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்றெல்லாம் முடிவாகிறது. பிறகு வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானை பார்த்துக்கொள்வார். எவரும் எழும்பி, எனக்கு விதைக்க இன்னும் உள்ளூக்கம் வரவில்லை என்று சொல்வதில்லை. வந்ததா இல்லையா என்று கூட்டத்தில் கேட்பதும் இல்லை. தண்ணீர் திறந்தபின் வயலுக்குள் இறங்காதவனுக்குத் தண்ணீர் காத்திராது.

மாஸ்டருக்கு வாய்க்காத வசதி இதுதான். அவரைக் கேட்பவர்கள் இல்லாமலில்லை. தேத்தண்ணிக் கடையில் நாளாந்தம் கேட்கிறார்கள்: “மச்சான், உன்ட புத்தகம் என்னாயிற்று?” “வரும் மச்சான், வரும்.” கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி; செத்த மாமா மட்டும் வெற்றிலை கேட்டபடி இருக்கிறார். இக்கேள்வி ஊக்கத்தை வளர்ப்பதில்லை. எழுத்தாளர் என்ற பெயரை நாவல் இல்லாமலே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. திருத்தற் சோம்பலின் முதற்காரணம் கேலி செய்பவர்கள் அல்லர், இப்படி அன்பாக விசாரிப்பவர்களே என்பதுதான் இவ்வாய்வின் முடிவு.

ஆகவே வாசகருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மாஸ்டர் இருப்பார். அடுத்தமுறை காணும்போது புத்தகத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். தைப்பொங்கலுக்கு மறுநாள் பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்து வை, நான் வந்து வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சொன்னபடி அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள்.